மீன் தொட்டிக்குள் மணல் அருவி: முதல்முறை செய்பவர்களுக்கு

பாறை உச்சியிலிருந்து வெள்ளை வெளேரென்று ஏதோ இடைவிடாமல் கொட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் தண்ணீர், அந்தத் தண்ணீருக்குள்ளேயே ஓர் அருவி. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், தண்ணிக்குள்ள எப்படி தண்ணி விழுது?" என்று கேட்பார்கள். விழுவது தண்ணீர் இல்லை, மணல். கீழே விழுந்த மணலையே காற்றுக்குமிழிகள் பாறைக்குப் பின்னால் ஒரு குழாய் வழியாக மறுபடி மேலே ஏற்றிவிடுகின்றன. அரைக் கிலோ மணல் போதும், அதுவே நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதற்கு ரெடிமேட் கிட்டும் கிடைக்கிறது. வாங்கி வைத்தால் அன்றைக்கே ஓடும். ஆனாலும் கையால் செய்வதுதான் நல்லது என்பது என் கட்சி. மணல் அருவி என்றால் அடைப்பு வந்தே தீரும். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார், தெரியாதவர் மொத்தத்தையும் பரணில் ஏற்றிவிடுவார். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே பிடிவாதம்தான்: பாறைக்குப் பின்னால் வைக்கும் எதுவாக இருந்தாலும், கையை விட்டு வெளியே உருவ முடிய வேண்டும். அழகுக்காக அதை ஒட்டிப் பூசி மூடிவிடாதீர்கள்.

எப்படி ஓடுகிறது

சென்னைப் புறநகரில் பழைய வீடுகளில் கம்ப்ரசர் போட்ட போர்வெல் பார்த்திருப்பீர்கள். மோட்டார் தரையில் உட்கார்ந்திருக்கும். ஒரு சின்னக் குழாய் வழியாக அது காற்றை மட்டும் ஆழத்துக்கு அனுப்பும். தண்ணீர் பெரிய குழாய் வழியாகப் பொங்கிப் பொங்கி, துப்பித் துப்பி வந்து தொட்டியில் விழும். மணல் அருவியில் நடப்பதும் அதேதான். குமிழி கலந்த தண்ணீர் எடை குறைவு. குழாய்க்கு வெளியே இருக்கும் தண்ணீர் கனம். அந்தக் கனம் குழாயின் அடிவாய் வழியாக உள்ளே தள்ள, உள்ளே இருப்பது மேலே ஏறுகிறது. போகிற போக்கில் அடியில் கிடக்கும் மணலையும் இழுத்துக்கொண்டு போகிறது. இந்த உத்தியை 1797-லேயே ஜெர்மனியின் சுரங்கப் பொறியாளர் கார்ல் லோஷர் விவரித்துவிட்டார். கடலடியில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களை அகழ்பவர்களும் இப்படித்தான் மணலை உறிஞ்சி அகற்றுகிறார்கள்.

தண்ணீருக்குள் போடும் மோட்டாரை வைத்தே மணலைத் தூக்கலாமே என்று தோன்றும். மணல் நேராக மோட்டாருக்குள் போனால் உள்ளே சுழலும் இறக்கையும் அச்சும் சீக்கிரமே தேய்ந்துபோகும். மோட்டாரிலிருந்து வரும் சுத்தமான தண்ணீரைப் பீய்ச்சி, அந்த வேகத்தில் மணலை இழுக்கும் முறையும் உண்டு. பெரிய தொட்டிகளில் அது அழகாக ஓடும். முதல்முறை செய்பவர்களுக்கு அது வேண்டாம். காற்றே போதும்.

தொட்டி

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட சாதாரணத் தொட்டியில் தாராளமாகச் செய்யலாம். அருவிக்கு ஏழெட்டு இன்ச் உயரம் கிடைக்கும். புதிதாகத்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் உயரத்தை 15 இன்சாகச் சொல்லுங்கள், அருவிக்கு எடுப்பு கூடும். 2 அடித் தொட்டியில் 50 லிட்டர் தண்ணீர் சுலபமாக நிற்கும். கண்ணாடி, பாறை, மணல் எல்லாம் சேர்ந்தால் 70 கிலோவை நெருங்கிவிடும். டிவி ஸ்டாண்டின் மேல் வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். அடியில் ஒரு தெர்மாகோல் ஷீட் போட்டு, உறுதியான மேஜையில் வையுங்கள்.

ஜன்னல் வெயில் படும் இடமும் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குப் பாசி சீக்கிரம் பிடிக்கும். மணல் அருவிக்குப் பாசிதான் முதல் எதிரி, ஏனென்றால் அது மணல் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும்.

மணல்: பாதி வேலை இதில்தான்

அருவி அருவியாகத் தெரிவதும், குழாய் அடைக்காமல் ஓடுவதும் மணலின் பருமனைப் பொறுத்தது. 0.3 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு மணல் துகள் அசையாத தண்ணீரில் நொடிக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும். 1 மில்லிமீட்டர் துகள் அதைவிட மூன்று மடங்கு வேகத்தில் இறங்கும். குழாயில் தண்ணீர் மேலேறும் வேகம், துகள் இறங்கும் வேகத்தைவிட நன்றாக அதிகமாக இருந்தால்தான் மணல் மேலே போய்ச் சேரும். சின்ன ஏர் பம்ப் வைத்துக்கொண்டு ரவை பருமனுள்ள மணலைத் தூக்கச் சொன்னால் அது பாதி வழியிலேயே போட்டுவிடும். ரொம்பப் பொடியாக இருந்தாலும் ஆபத்துதான். அது விழாமல் மிதந்து தொட்டி முழுக்கப் புகையாகப் பரவும். 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை, ஒரே சீரான பருமன். இதுதான் நமக்கு வேண்டியது.

எது கூடாது என்று முதலில் சொல்கிறேன். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ அள்ளிவரும் கடல் மணல் கூடாது. அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும். சிப்பி கரையக் கரையத் தண்ணீரின் கடினத்தன்மை ஏறும். கடற்கரையில் மணல் அள்ளுவது தவறும்கூட. கட்டடத்துக்கு இறக்கும் எம்-சாண்ட் கூடாது. உடைத்த கல் என்பதால் கூர்முனைகள் இருக்கும், தூசும் அதிகம். கோலமாவு வெள்ளையாக, மலிவாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது மாவு, தண்ணீரைப் பால் நிறமாக்கிவிடும். சாயம் போட்ட கலர் மணலும் வேண்டாம், உரசி உரசிச் சாயம் விடும்.

வேண்டியது வெள்ளை சிலிக்கா மணல். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கிடைக்கும். போய் "ஃபைன் சாண்ட் இருக்கா அண்ணே?" என்று கேட்டால், "எல்லாமே ஃபைன்தான் சார்" என்று ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள். அங்கேயே கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி விரலால் தேயுங்கள். டேபிள் சால்ட் அளவு இருந்தால் அது பெரிசு. அதைவிடப் பொடியாக, ஆனால் விரல் ரேகையில் மாவாக ஒட்டாமல் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பூன் மணலில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்து சலிப்பது. மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மொட்டைமாடியில் ஒரு மத்தியானம் காயப்போட்டால் போதும். மைதா சலிக்கும் நெருக்கமான சல்லடையில் சலித்து, கீழே விழுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நிற்பது வீணாகாது, தொட்டித் தரைக்கு ஆகும்.

அப்புறம் தூசி நீக்குவது. வெறுமனே அலசுவதோடு நிறுத்திவிட்டால் பாதித் தூசி உள்ளேயே தங்கும். பக்கெட்டில் ஒரு கிலோ மணல் போட்டு, 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கையால் நன்றாகக் கலக்குங்கள். கையை எடுத்ததும் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். பத்து நொடிக்குள் அந்த 20 சென்டிமீட்டரை இறங்கிக் கடந்தவை எல்லாம் நமக்கு வேண்டிய மணல். இன்னும் மேலே கலங்கலாக மிதப்பது 0.2 மில்லிமீட்டருக்கும் குறைந்த பொடி. பத்து எண்ணி முடித்த அந்த நொடியில் கலங்கல் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிடுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி கலக்கு, மறுபடி பத்து. முதலில் பால் மாதிரி வரும், பிறகு மோர்த் தண்ணீர் நிறம், பிறகு அடி தெரியும். பத்து எண்ணும்போதே அடியில் கிடக்கும் மணல் தெளிவாகத் தெரிந்தால் முடிந்தது. பொறுமை போய்விடும், ஆனால் இங்கே மிச்சப்படுத்தும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிறகு கலங்கிய தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். கொட்டுகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். சிங்க்கில் ஊற்றினால் பிளம்பரைக் கூப்பிட வேண்டிவரும்.

வாங்க வேண்டியவை

ஏர் பம்ப் ஒன்று. ஒரே வாய் உள்ளது போதும், கூடவே காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு கண்ட்ரோல் வால்வ். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்க நான்-ரிட்டர்ன் வால்வ். 6 மி.மீ. ஏர் டியூப் இரண்டு மீட்டர். மணல் ஏறும் குழாய்க்கு 12 முதல் 16 மி.மீ. வரை உள்விட்டமுள்ள பைப் ஒரு அடி. பிவிசி பைப் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். பாரிமுனைப் பக்கம் போக முடிந்தால் உள்ளே தெரிகிற அக்ரிலிக் குழாயாக வாங்குங்கள், எங்கே அடைக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். மீன் தொட்டிக்கான சிலிக்கான் ஒரு டியூப். பாத்ரூமுக்குப் போடும் பூஞ்சைத் தடுப்பு சிலிக்கான் மீனுக்கு விஷம், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்றும், அஞ்சு சென்டிமீட்டர் அகலமுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் வீட்டிலேயே இருக்கும். தொட்டியையும் பாறையையும் விட்டுப் பார்த்தால் எல்லாம் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும்.

கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்பார்கள். 5 வாட் பம்ப் மாதம் முழுக்க ஓடினால் 3.6 யூனிட். அவ்வளவுதான்.

மூன்று உறுப்புகள்

முதலாவது, கீழே மணலைப் பிடிக்கும் கிண்ணம். பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டி, மூடியைச் சிலிக்கான் வைத்து இறுக மூடி, தலைகீழாக வைத்தால் ஒரு புனல் கிடைக்கும். சரிவான பக்கங்கள்தான் முக்கியம். தண்ணீருக்குள் மணல் ஏறக்குறைய 30 டிகிரிக்குக் குறைவான சரிவில் நகராமல் குவிந்து நின்றுவிடும். தட்டையான டப்பாவை வைத்தால் மூலைகளில் மணல் தேங்கி, குழாயைச் சுற்றி மட்டும் பள்ளமாகிக் கொஞ்ச நேரத்தில் அருவி வற்றிவிடும். சரிவு 45 டிகிரியாவது இருக்கட்டும். வாய் 10 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம், விழுகிற மணல் கொஞ்சம் விரிந்துதான் விழும்.

இரண்டாவது, மணல் ஏறும் குழாய். பைப்பின் அடி நேராகப் புனலின் அடியில் உட்காரும். அடியிலிருந்து மேல்நோக்கி, பக்கவாட்டில் 8 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரத்துக்கு ஒரு பிளவு வெட்டுங்கள். ஆக்சா பிளேடு போதும், பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இந்தப் பிளவின் கீழ்ப்பாதி மணலுக்கு, மேல்பாதி தண்ணீருக்கு. குழாய்க்குள் வெறும் மணல் மட்டும் போனால் அடைக்கும். தண்ணீரும் கூடவே போக வேண்டும். புனலில் எவ்வளவு மணல் போடுவது என்பதையும் இந்தப் பிளவுதான் தீர்மானிக்கிறது. அருவி ஓடிக்கொண்டிருக்கும்போது பிளவு பாதி மூடியபடி இருந்தால் அளவு சரி.

அடியிலிருந்து 3 சென்டிமீட்டர் உயரத்தில் ஏர் டியூப் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஒரு துளை போடுங்கள். ஏர் டியூப்பை வெளியிலிருந்து கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து நுழையுங்கள். அதன் வாய் குழாய்க்குள் மேலே பார்த்தபடி இருக்கக்கூடாது. கரண்ட் நிற்கும்போது இறங்கும் மணல் நேராக அதற்குள் போய் உட்கார்ந்துவிடும். டியூப்பின் நுனி குழாயின் உட்சுவரோடு நின்றுவிட வேண்டும். நுனியில் ஏர் ஸ்டோன் (காற்றைப் பொடிக் குமிழிகளாக்கும் கல்) போடலாமா என்று கேட்டால், வேண்டாம். மணல் அதை அடைத்துவிடும். அதோடு இந்தச் சின்னக் குழாயில் பெரிய குமிழிகள்தான் மணலைத் தள்ளிக்கொண்டு ஏறும். குழாயின் அகலத்தை அடைத்தபடி ஒரு குமிழி ஏறுவதையும், அதன் வாலில் மணல் சுழன்றுகொண்டே போவதையும் அக்ரிலிக் குழாயில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எனக்கு முன்பக்கத்து அருவியைவிட அதுதான் பிடிக்கும்.

மூன்றாவது, உச்சியில் வைக்கும் கப். இதை விட்டுவிட்டுத்தான் பலரும் தடுமாறுகிறார்கள். குழாயை அப்படியே வளைத்து அருவிப் பக்கம் திருப்பினால் மணலோடு குமிழியும் கொப்பளித்து வரும், மாயம் அங்கேயே கலைந்துவிடும். குமிழியையும் மணலையும் பிரிக்க ஓர் இடம் வேண்டும். டப்பாவின் அடியில் துளைபோட்டு, குழாயின் மேல் நுனியை அடியோடு சமமாகப் பொருத்துங்கள். டப்பாவின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே அரை இன்ச் நிற்கட்டும். அருவிப் பக்கம் மட்டும், நீர்மட்டத்துக்குக் கீழே 2 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வாய் வெட்டி, அதில் பாட்டில் பிளாஸ்டிக்கால் ஒரு சின்ன நாக்கு வைத்துவிடுங்கள். குமிழிகள் நேராக மேலே போய் உடைந்துவிடும். மணல் டப்பா அடியில் விழுந்து, தண்ணீரோடு வழுக்கி நாக்கு வழியாக வெளியேறும். டப்பா அடியில் சிலிக்கானால் ஒரு சரிவு போட்டுவிட்டால் மணல் மூலையில் தங்காது.

சிலிக்கான் காய ஒரு முழு நாள் விடுங்கள். புளிப்பு வாடை சுத்தமாகப் போன பிறகுதான் தண்ணீர் படலாம்.

முதலில் பக்கெட்டில் ஓட்டுங்கள்

பாறையைப் பற்றி இன்னும் யோசிக்கவே வேண்டாம். ஆழமான பக்கெட் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, கிண்ணம், குழாய், கப் மூன்றையும் இறக்கி, மணல் போட்டு, பம்பைப் போடுங்கள். வால்வை முழுக்க மூடிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். முதலில் தண்ணீர் மட்டும் ஏறும். இன்னும் கொஞ்சம் திறந்ததும் மணல் ஏறத் தொடங்கும். அதற்கு மேல் திறக்கத் திறக்க மணல் கூடும், ஒரு கட்டத்துக்குப் பிறகு கூடாது. காற்றே குழாயை நிரப்பிவிடுவதால் மணலுக்கு இடமிருக்காது, பிளவு வழியாகவும் குமிழி வெளியே கசியும். அந்தக் கட்டத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள்.

மணல் விட்டுவிட்டுத் துப்பினால் குழாய் அகலம் அதிகம், அல்லது காற்று போதவில்லை. அருவி மெல்லிதாக இருக்கிறதே என்று உடனே காற்றைக் கூட்டாதீர்கள். முதலில் இன்னும் ஒரு கைப்பிடி மணல் போட்டுப் பாருங்கள்.

ஒரு இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் வேண்டுமென்றே சுவிட்சை அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். குழாயில் இருந்த மணல் கீழே இறங்கி ஒரு அடைப்பாக நிற்கும். பம்ப் அதை உடைத்துக்கொண்டு ஏறிவிட்டால் உங்கள் அருவி சென்னையில் பிழைத்துக்கொள்ளும். ஏறவில்லை என்றால் காற்றுத் துளையை இன்னும் ஒரு சென்டிமீட்டர் மேலே போட்டுப் பாருங்கள், அல்லது கொஞ்சம் பலமான பம்ப் வாங்குங்கள். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் பம்பை அந்த லைனில் போடுவது எல்லாவற்றையும்விட எளிது. இரவில் அணைத்து மாலையில் போட டைமர் மாட்டும் யோசனையை விட்டுவிடுங்கள், ஒவ்வொரு நிறுத்தமும் ஓர் அடைப்பு.

பாறை

இப்போது மறைப்பு வேலை. அருவி முகத்துக்குக் கருப்பு அல்லது அடர்பழுப்புக் கல் எடுங்கள், வெள்ளை மணல் அதன்மேல்தான் பளிச்சென்று தெரியும். லாவா கல் எடை குறைவு, சிலிக்கானும் நன்றாகப் பிடிக்கும். தெர்மாகோலைச் செதுக்கிச் சிமெண்ட் பூசிப் பாறை செய்பவர்களும் உண்டு. அழகாகவே வரும். ஆனால் தெர்மாகோல் மிதக்கும் என்பதால் தொட்டி அடியோடு ஒட்டியாக வேண்டும், புதுச் சிமெண்ட் தண்ணீரைக் காரமாக்கும் என்பதால் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது ஆகாது.

சுவர் செங்குத்தாக, அல்லது உச்சி மட்டும் லேசாக முன்னால் துருத்தியபடி இருக்கட்டும். நடுவில் எங்கேயும் மணல் உட்காரத் திட்டு இருக்கக்கூடாது. ஒரே ஒரு திட்டை நாக்குக்கு நேர் கீழே, பாதி உயரத்தில் வேண்டுமென்றே விட்டால் அருவி இரண்டு கட்டமாக விழும். அது முதல் அருவி சரியாக ஓடிய பிறகு செய்யும் ஆசை. சுவரின் அடி கிண்ணத்தின் நடுவே இறங்க வேண்டும். பின்பாதியில் குழாய், முன்பாதியில் மணல் விழுமிடம். சுவரின் அடிக்கும் புனலின் சரிவுக்கும் நடுவில் 3 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள், அதன் வழியாகத்தான் மணல் குழாய்க்குச் சறுக்கிப் போகும். கிண்ணத்தின் முன் விளிம்பைச் சின்னக் கற்களால் மறைத்துவிடலாம். சுவருக்குப் பின்னால் உங்கள் கை நுழைகிறதா, குழாயை நேராக மேலே உருவ முடிகிறதா என்று தண்ணீர் ஊற்றுவதற்கு முன் இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் வைத்த பிறகு

ஏர் பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே ஓர் அலமாரியில் வையுங்கள். இடமில்லை என்றால் நான்-ரிட்டர்ன் வால்வ் கட்டாயம். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி வந்து பம்ப்புக்குள்ளும், அங்கிருந்து பிளக் பாயிண்டுக்கும் போகும். வயர் பிளக்குக்குப் போவதற்கு முன் ஒரு தொங்கல் விட்டுத் தாழ்ந்து, பிறகு ஏறட்டும். கையைத் தண்ணீருக்குள் விடும்போதெல்லாம் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பம்ப் அதிர்ந்து சத்தம் போட்டால் அடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு.

பில்டரின் தண்ணீர் பாயும் திசை அருவிக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். லேசான நீரோட்டம் பட்டாலும் மணல் பக்கவாட்டில் பறந்து கிண்ணத்துக்கு வெளியே விழும், நாலு நாளில் கிண்ணம் காலியாகிவிடும். மணல் அருவி ஓடுவதால் பில்டர் வேண்டாம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். காற்றோட்டத்துக்கு அது உதவும், கழிவை அது அகற்றாது.

மெட்ரோ வாட்டர் என்றால் குளோரினுக்கு ஆன்டி-குளோரின் சொட்டு விடுங்கள். லாரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் தெருவுக்குத் தெரு மாறும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோரப் பகுதிகளில் கடினத்தன்மை தூக்கலாக இருக்கும். மோலி, கப்பி மீன்கள் அதில் சந்தோஷமாகவே இருக்கும், நியான் டெட்ரா மீனுக்கு ஒத்துக்கொள்ளாது. கடினமான தண்ணீரில் கப் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக உப்பு படியும், வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும்.

மே மாத வெயிலில், ஃபேன் ஓடும் அறையில், நீர்மட்டம் ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெரிய இறங்கும். கப்பின் வாய்க்குக் கீழே மட்டம் போனால் அருவி நின்றுவிடும். தொட்டியின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்து, அதுவரை ஊற்றிவிடுங்கள். ஆர்ஓ தண்ணீரால் ஈடுகட்டினால் உப்பு சேராது.

அடைத்தால்

அருவி திடீரென்று நின்றால் முதலில் ஏர் டியூப்பைக் கழற்றி, காற்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பிரச்சினை குழாயில். குழாயை ஒரு சென்டிமீட்டர் தூக்கி, ஒரு திருகு திருகி, மறுபடி உட்காரவையுங்கள். பெரும்பாலான அடைப்பு இதிலேயே போய்விடும். போகாவிட்டால் வெளியே உருவி, பாட்டில் கழுவும் மெல்லிய பிரஷால் ஒரு தேய். உள்ளே பெரும்பாலும் ஒரு இலைத் துண்டு இருக்கும், இல்லாவிட்டால் கூம்பு மாதிரி இருக்கும் சின்ன நத்தை. செடியோடு கூடவே வரும் இந்த நத்தைகள் மணலுக்குள்ளேயே வாழ்பவை, குழாயின் பிளவு அவற்றுக்கு அளவெடுத்த வாசல். புதுச் செடி வாங்கினால் ஒரு பக்கெட்டில் நாலு நாள் போட்டுப் பார்த்த பிறகு தொட்டிக்குள் விடுங்கள்.

அருவி மெல்ல மெல்ல இளைத்துக்கொண்டே வந்தால், மணல் வெளியே சிந்துகிறது அல்லது துகள்களில் பாசி பிடித்து அவை கட்டியாகின்றன. சிந்தியதை டியூப்பால் உறிஞ்சி எடுத்து, கழுவி, மறுபடி கிண்ணத்தில் போடலாம். பாசி பிடித்த மணலை மொத்தமாக எடுத்து, கொதிநீரில் அலசிக் காயவைத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும். விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள்.

எந்த மீன்

தொட்டியை மீன் இல்லாமல் மூன்று நாலு வாரம் ஓடவிடுங்கள். பில்டரில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா உருவாக அந்தக் காலம் வேண்டும், அருவியின் கோளாறுகளும் அதற்குள் தெரிந்துவிடும்.

கோல்டு ஃபிஷ் வேண்டாம். அது நாள் முழுக்க மணலை வாயில் அள்ளித் துப்பிக்கொண்டே இருக்கும், கிண்ணத்தையே கிளறிவிடும். சிக்லிட் வகைகள் பாறையடியைத் தோண்டும். டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் கையளவு இருக்கும்போது சாது, முழங்கை அளவு வளர்ந்ததும் பாறையை இடித்துத் தள்ளும். ஃபைட்டருக்கு இவ்வளவு சலசலப்பு பிடிக்காது. கப்பி, மோலி, ஸீப்ரா டானியோ, ராஸ்போரா மாதிரி நடுத்தண்ணீரில் நீந்தும் சின்ன மீன்கள் பொருத்தம். டானியோக்கள் அருவிக்குள் புகுந்து புகுந்து விளையாடும், மணல் அவற்றை ஒன்றும் செய்யாது. கப்பி குட்டி போட்டால் மட்டும் கவனம். பிறந்த குட்டி குழாய்ப் பிளவு வழியாக உள்ளே போய்க் கப் வழியாக வெளியே வந்து விழும். சில சமயம் உயிரோடு வரும், சில சமயம் வராது. சினையாக இருக்கும் கப்பியை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், அல்லது பிளவின் மேல்பாதியில் மட்டும் பிளாஸ்டிக் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். அந்த வலையில் அழுக்கு சேரும், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது அதையும் கழற்றிக் கழுவுங்கள்.